சஹனில் ஒரு பக்கம்



மறுமணத்தைப் பற்றி நம் சமுதாய ஏடுகளில் எத்தனையோ கட்டுரைகள் வெளிவந்துள்ளன. மார்க்கம் அதை அனுமதிப்பது மட்டுமல்ல, ஆதரிக்கவும் செய்கிறது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நிக்காஹ் முடிந்து, வலீமா விருந்துண்டவர்கள் கை கழுவிச் சென்ற பிறகு அந்த வீட்டிற்குள் என்ன நடக்கிறது என்பதை எழுதியவர்கள் குறைவு. நான் ஆலிமாவும் அல்லள், எழுத்தாளரும் அல்லள். 13 ஆண்டுகளுக்கு மேலாக அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வாழ்ந்துவரும் எளிய குடும்பப் பெண். நான் செய்த தவறுகளையும், அல்லாஹ் கற்றுக்கொடுத்தவற்றையும் ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன். ஒரு சகோதரிக்கேனும் பயன்பட்டால் போதும்.

2009இல் என் முதல் மணவாழ்க்கை தலாக்கில் முடிந்தது. காரணங்களை இங்கே விரிக்கப் போவதில்லை. குறை இரு பக்கமும் இருந்தது. அவர் பக்கமே அதிகம் என்று அன்று நினைத்தேன். இன்று அந்தக் கணக்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். 6 வயது மகளோடு திருச்சியில் என் அத்தா வீட்டுக்கு வந்தேன். இத்தாக் காலம் முடிந்த மறுவாரமே, "வாழாவெட்டி" என்னும் சொல் என் காதில் விழுந்தது. சொன்னவர் வேற்றார் அல்லர். எங்கள் உறவுக்காரப் பெண்மணிதான்.

பிறகு வரன்கள் வந்தன. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளையை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வீர்கள் அல்லவா?" என் அம்மாவும் அதையே சொன்னார்கள். "நன்னி நான் இருக்கேன்ல? நீ போய் நல்லா வாழு. புள்ளையை நான் பார்த்துக்குறேன்." பாசத்தில் சொன்ன சொல்தான். ஆனால் தகப்பனைப் பிரிந்த பிள்ளைக்குத் தாயையும் பிரித்துவிட்டு நான் மட்டும் நல்லபடி வாழ்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று வரன்களை மறுத்தேன். மறுத்ததற்காக ஏச்சும் கேட்டேன்.

2012இல் வந்தவர், "பிள்ளையோடு வருவதானால் மட்டும் பேசலாம்" என்று சொல்லியனுப்பினார். கீழக்கரையைச் சேர்ந்தவர். திருச்சியில் ஒரு மண்டியில் கணக்கெழுதும் வேலை. 2010இல் மனைவியை இழந்தவர். 11 வயதில் ஒரு மகனும் 4 வயதில் ஒரு மகளும் அவருக்கு இருந்தார்கள். முதல் மணம் முறிந்ததற்கான ஜமாஅத் கடிதம் என்னிடம் இருந்ததால் நிக்காஹுக்குத் தடை ஏதும் எழவில்லை. ஜமாஅத் தப்தரில் எழுதியதோடு நில்லாமல், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்தோம். மறுமணம் செய்வோர் இந்த இரண்டையும் அலட்சியம் செய்யக் கூடாது. பின்னாளில் பிள்ளைகளின் காகிதங்களுக்கெல்லாம் இவைதாம் ஆதாரம்.

இரண்டு சொற்கள்

நிக்காஹ் முடிந்த முதல் வாரத்திலேயே நான் ஒரு தவறு செய்தேன். அவருடைய பிள்ளைகள் இருவரும் என்னை "உம்மா" என்று அழைக்க வேண்டும் என விரும்பினேன். அந்தச் சொல்லை வாங்கிவிட்டால் தாயின் இடம் கிடைத்துவிடும் என்று எண்ணினேன். சின்னவளுக்குத் தன் தாயின் முகமே நினைவில்லை, கூப்பிட்டுவிட்டாள். மூத்தவன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து, "அவங்க உம்மா இல்ல" என்றான். அன்றிரவு நான் அழுதேன். என்னை அவன் வெறுக்கிறான் என்று கணவரிடம் முறையிட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் உன்னை வெறுக்கல. அவளை விட்டுக்கொடுக்க மாட்டேங்குறான். ரெண்டும் வேற" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். இறந்தவருக்குக் குறை இராது. பிரிந்தவருக்கு நிறை இராது. மூத்தவனின் நினைவில் அவன் தாய் எந்தக் குறையுமின்றி வாழ்கிறாள். அவளோடு போட்டியிட்டு நான் எந்நாளும் வெல்ல முடியாது, வெல்லவும் கூடாது. என் மகளின் தகப்பனோ உயிரோடு இருக்கிறார். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் நல்லது சொல்வதில்லை. ஒரு பிள்ளை தன் தாயைக் காக்கிறது. இன்னொரு பிள்ளை தன் தகப்பனைக் காக்க வழியில்லாமல் மௌனமாக இருக்கிறது. இந்த மௌனத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

அல்லாஹ் எங்களுக்கு ஒரு வழி வைத்திருந்தான். எங்கள் உள்நாட்டு இராவுத்தர் குடும்பங்களில் தகப்பனை "அத்தா" என்போம். தாயை "அம்மா" என்போம். கடற்கரை ஊர்களில் "வாப்பா", "உம்மா". ஆகவே அவர் பிள்ளைகளிடம், "உங்கள் உம்மா உங்கள் உம்மாதான். என் மகள் என்னைக் கூப்பிடுவதுபோல நீங்களும் அம்மா என்று கூப்பிடுங்கள்" என்றேன். மூத்தவன் ஒரு மாதம் எப்படியும் அழைக்கவில்லை. பிறகு ஒருநாள் பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், "அம்மா, டிபன் பாக்ஸ் எங்கே?" என்றான். அவனே அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காததுபோல எடுத்துக் கொடுத்தேன்.

என் மகளோ என் கணவரை ஒன்றுமே சொல்லி அழைக்கவில்லை. அவரைப் பற்றி என்னிடம் பேசும்போது "அவங்க" என்பாள். அவரும் வற்புறுத்தவில்லை.

பெருநாள் சஹன்

அந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்குக் கீழக்கரை சென்றோம். அங்கே பெரிய தாம்பாளம் போன்ற சஹனில் சோற்றை வைத்து, சிலர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். தனித்தட்டில் உண்டு பழகிய என் மகளுக்கு அது புதிது. அவர் தம் பிள்ளைகள் இருவரோடும் ஒரு சஹனில் அமர்ந்திருந்தார். இவள் கதவோரம் நின்றாள். "வாம்மா, இந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு" என்று அழைத்தார். வந்து உட்கார்ந்தாள். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் தட்டின் நடுவே கையைக் கொண்டுபோனாள். மூத்தவன் சட்டென்று, "நடுவுல கை போடக் கூடாது. அது ஒன் பக்கம். ஒன் பக்கத்துலேருந்து சாப்பிடு" என்றான்.

உள்ளே பெண்களோடு அமர்ந்திருந்த எனக்கு அது கேட்டது. சோறு தொண்டையில் நின்றது. என் பிள்ளையை அவன் அதட்டுகிறான் என்று மனம் கொதித்தது. எழுந்து போக நினைத்தபோது என் மாமி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். "புள்ளைங்க பேசிக்கட்டும்" என்றார்கள்.

இரவு படுக்கையில் மகளிடம் மெதுவாகக் கேட்டேன்: "அவன் சொன்னது உனக்கு வருத்தமா?" அவள் சொன்ன பதிலை இன்றும் மறக்க முடியவில்லை. "இல்லம்மா. அந்தச் சஹன்ல எனக்குன்னு ஒரு பக்கம் இருக்குன்னு அவன்தான் சொன்னான்."

அதட்டலாக என் காதில் விழுந்தது அவளுக்கு அழைப்பாகக் கேட்டிருக்கிறது. மூத்தவனும் மக்தபில் ஓதிக்கொடுத்த ஒழுக்கத்தைத்தான் சொன்னான். பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். வலக்கையால் உண்ண வேண்டும். தன் பக்கத்திலிருந்து உண்ண வேண்டும். நம் பிள்ளைகள் முதன்முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று அது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள அந்த அறிவுரை யாரிடம் கூறப்பட்டது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நான் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

உஹதுப் போரில் காயமுற்ற அபூஸலமா (ரலி) அந்தக் காயம் மீண்டும் புண்ணாகி, ஹிஜ்ரி 4இல் வஃபாத் ஆனார்கள். அவர்களுடைய மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மணம் பேசியபோது உம்மு ஸலமா (ரலி) தம் தயக்கங்களை ஒளிக்காமல் சொன்னார்கள்: தமக்கு வயதாகிவிட்டது, தாம் ரோஷம் மிகுந்தவர், தமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று. பிள்ளைகளின் பொறுப்பையும் நபிகளார் ஏற்றுக்கொண்ட பிறகே அந்த நிக்காஹ் நிறைவேறியது. தட்டில் கை அலைபாய உண்டுகொண்டிருந்த சிறுவர் உமர், அந்தப் பிள்ளைகளுள் ஒருவர். அதாவது, அந்த உணவு ஒழுக்கம் ஒரு மறுமண வீட்டில், மனைவியின் முதல் மணத்துப் பிள்ளைக்கு அன்போடு கற்பிக்கப்பட்டது. அதுவும் தம் அருகே உட்கார வைத்து, தம் தட்டிலேயே உண்ணச் செய்து!

இன்னொன்றையும் கவனியுங்கள். நபிகளாரின் வீட்டிலேயே வளர்ந்த அவரை வரலாறு எப்படி அழைக்கிறது? உமர் இப்னு அபீஸலமா, அபூஸலமாவின் மகன் உமர் என்றே அழைக்கிறது. அவருடைய சகோதரியும் ஸைனப் பின்த் அபீஸலமாதான். வளர்ந்த வீடு உலகிலேயே மேலான வீடு. ஆயினும் பெற்றவரின் பெயர் அழிக்கப்படவில்லை. தட்டில் பக்கமும் கிடைத்தது. தகப்பனின் பெயரும் நிலைத்தது. மறுமணக் குடும்பத்தின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஆனால் அதன் இரண்டாம் பாதியை நான் அடுத்த ஆண்டுதான் கற்றேன்.

பள்ளி விண்ணப்பம்

2013இல் மகளை ஆறாம் வகுப்பில் வேறு பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்தோம். "தந்தை பெயர்" என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதிவிடுமாறு சொன்னேன். "இனிஷியலும் மாறிவிடட்டும், நால்வரும் பார்த்து நம்மை ஒரே குடும்பம் என்று சொல்லட்டும்" என்றேன். அவர் பேனாவைத் திறந்து, என் முன்னாள் கணவரின் பெயரை அந்த இடத்தில் எழுதினார். "பாதுகாவலர்" என்ற இடத்தில் தம் பெயரை எழுதினார்.

எனக்கு நெஞ்சு எரிந்தது. "உங்கள் பிள்ளையாக இருந்தால் இப்படி எழுதுவீர்களா? மனதால் அவளை நீங்கள் ஏற்கவில்லை" என்று சத்தமிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் கணக்கெழுதுறவன். ஒருத்தர் பேர்ல இருக்க வேண்டிய வரவை இன்னொருத்தர் பேர்ல எழுதினா, கடைசியில ரெண்டு கணக்கும் பொய்யாயிடும். அவ தகப்பனை அவகிட்டேருந்து நான் திருட மாட்டேன்" என்றார். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயரைக் கொண்டே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கட்டளையிடுவதையும், அதன் பிறகே ஸைத் (ரலி) அவர்கள் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா என்று அழைக்கப்பட்டதையும் நினைவூட்டினார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்று என் மகள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. நான்காம் நாள் மாலை அவர் மண்டியிலிருந்து வந்ததும் தண்ணீர்ச் செம்போடு போய் நின்றாள். "வாப்பா, தண்ணி" என்றாள்.

சகோதரிகளே! அவளுடைய அத்தாவின் பெயரை மதித்து எழுதிய பிறகுதான், அவருக்கு "வாப்பா" என்னும் பெயர் கிடைத்தது. நான் ஓராண்டாக வற்புறுத்தியும், மறைமுகமாகத் தூண்டியும் பெற முடியாததை அந்த ஒரு வரி பெற்றுத் தந்தது. அன்றிலிருந்து அவள் தகப்பனைப் பற்றிக் குறைசொல்வதை நான் நிறுத்தினேன். அவளுடைய பராமரிப்புக்காக அவர் அனுப்பும் தொகையை மறுத்துத் திருப்பியனுப்பும் வீறாப்பையும் நிறுத்தினேன். "கொடுப்பது அவர் கடமை, பெறுவது அவளுடைய உரிமை, நான் செய்வது தனி" என்று சொல்லி, மகள் பெயரில் கணக்குத் தொடங்கி அதில் போட்டுவந்தார் என் கணவர். பெருநாளின் மறுநாள் அவளைத் தகப்பனார் வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் அப்போது தொடங்கியது.

அதுபோலவே, மூத்தவனும் சின்னவளும் விடுமுறையில் தம் தாயைப் பெற்ற பாட்டியாரிடம் செல்வார்கள். அந்த அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஆரம்பத்தில் எனக்குப் பதற்றம். என்னை எடைபோட வருகிறார்கள் என்று எண்ணுவேன். அவர்களோ மகளை இழந்த தாய். மகளின் கண்களைப் பேரப்பிள்ளைகளின் முகத்தில் தேடி வந்தவர்கள். முதல் ஆண்டு கீழக்கரைத் தொதல் இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார்கள். மூன்றாம் ஆண்டு மூன்று பொட்டலம். அந்த மூன்றாவது பொட்டலத்தைக் கையில் வாங்கியபோது, எங்கள் வீடு நிலைத்துவிட்டது என்று உணர்ந்தேன்.

பேசத் தயங்கும் பேச்சு

எங்கள் வீட்டில் இரண்டு மத்ஹபுகள். நான் ஹனஃபி, அவர் ஷாஃபிஈ. அஸர் தொழுகையின் நேரம் தொடங்குவதே எங்களுக்கு வேறு வேறு. இந்த வேறுபாட்டைச் சிரித்துக்கொண்டே கடந்தோம். ஆனால் ஒரு விஷயத்தைப் பேச இருவருமே அஞ்சினோம்.

தாயோடு இல்லறம் தொடங்கிவிட்டால், அவளுடைய முதல் மணத்து மகள் கணவருக்கு என்றென்றைக்கும் மஹ்ரமாகிவிடுகிறாள். என் கணவரின் மகன் எனக்கு மஹ்ரம். ஆனால் அவர் மகனும் என் மகளும் இரத்தத்தாலோ பாலாலோ உடன்பிறந்தவர்கள் அல்லர். அவர்கள் ஒருவருக்கொருவர் மஹ்ரம் ஆக மாட்டார்கள். பிள்ளைகள் பருவம் எய்தும் வயதில் இதைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், இத்தனை நாள் சேர்த்துக் கட்டியது உடைந்துபோகுமோ என்ற அச்சம். சொல்லாமல் விட்டால் அவர்களுக்கே அநீதி.

2015இல் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து அவரே சொன்னார். மூத்தவன் முகம் வாடி, "அப்ப நான் இவளுக்குக் காக்கா இல்லையா?" என்றான். "கூப்பிடுறதுக்குக் காக்காதான். காவலுக்கும் காக்காதான். ஆனா அல்லாஹ் போட்ட எல்லை எல்லைதான்" என்றார் அவர். அதன் பிறகு வீட்டின் ஏற்பாட்டை மாற்றினோம். மூத்தவன் முன்னறைக்கு வந்தான். பெண்பிள்ளைகள் இருவரும் உள்ளறைக்குச் சென்றார்கள். மூத்தவனை விடுதியில் சேர்த்துவிடலாம் என்று உறவினர் சிலர் யோசனை சொன்னார்கள். நான் உறுதியாக மறுத்தேன். என் மகளுக்காக அவன் தன் வாப்பாவின் வீட்டை இழந்தான் என்னும் பழி அவள்மீதும் வரக் கூடாது, என்மீதும் வரக் கூடாது.

சொத்து விஷயமும் அப்படித்தான். மாற்றாந்தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வாரிசுரிமைப் பங்கு இல்லை. ஆனால் வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. 2022இல் என் கணவர் அந்த அளவுக்குள் என் மகளுக்கு ஒரு பங்கை எழுதினார். எழுதும் முன் தம் பிள்ளைகள் இருவரையும் அழைத்து விவரத்தைச் சொன்னார். மறைத்து எழுதும் அன்பு, பின்னால் பகையாக முளைக்கும் என்பது அவர் கருத்து. மூத்தவன், "அவ பக்கம் அவளுக்கு வாப்பா" என்றான். அந்தச் சஹனை அவன் மறக்கவில்லை போலும்.

வலீயும் சாட்சியும்

2025இல் என் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. யார் வலீ? வளர்த்தவர் வலீ ஆக முடியாது. பெற்றவர் இருக்கும்போது அவரே வலீ. என் முன்னாள் கணவர் வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவர் வருவாரோ மாட்டாரோ, வந்தால் நான் எந்த முகத்தோடு எதிர்கொள்வேன் என்று கலங்கினேன். என் அண்ணனையே வலீயாக வைத்துவிடலாம் என்றுகூடப் பேசினேன். என் கணவர் அதற்கு இணங்கவில்லை. மூத்தவனை அழைத்துக்கொண்டு பேருந்தேறிப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்தவர், "வர்றார். மஹர் எவ்வளவுன்னு கேட்டார்" என்று மட்டும் சொன்னார்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் என் மகளை மணமுடித்துக் கொடுத்தவர் அவளுடைய அத்தா. பெண்கள் பகுதியில் அமர்ந்திருந்த எனக்கு ஒலிபெருக்கியில் அவருடைய குரல் கேட்டது, நடுங்கியது. பின்னர் தப்தர் கையெழுத்துக்காக மகளிடம் வந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். வலீயின் இடத்தில் பெற்றவரின் கையெழுத்து. சாட்சிகளுள் ஒருவராக வளர்த்தவரின் கையெழுத்து. கணக்கெழுதும் அந்தக் கை, இம்முறையும் தன் இடத்தில்தான் எழுதியிருந்தது.

13 ஆண்டுகள் அந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்கும், தேர்வுக்கும், கண்ணீருக்கும், சிரிப்புக்கும் உடனிருந்து பார்த்தவர் அவர். அவரைவிடப் பொருத்தமான சாட்சி யார்?

மறுமணத்தை எண்ணித் தயங்கும் சகோதரிகளே, பழையதை அழித்துவிட்டுப் புதிய வீட்டைக் கட்ட முயலாதீர்கள். பிள்ளையின் நெஞ்சில் யாருக்கு எந்த இடம் இருக்கிறதோ அதை அப்படியே விட்டுவையுங்கள். உங்களுக்கு உரிய இடத்தை அல்லாஹ் தனியே வைத்திருக்கிறான். அது கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். மறுமணம் செய்ய முன்வரும் சகோதரர்களே, பிள்ளையை விட்டுவிட்டு வருமாறு ஒரு தாயிடம் கேட்காதீர்கள். உங்கள் சஹனில் ஒரு பக்கம் காலியாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

பிரிந்த உள்ளங்களுக்கு ஆறுதலையும், சேர்ந்த உள்ளங்களுக்கு நீதியையும், நம் பிள்ளைகள் அனைவருக்கும் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.